இலவச மருத்துவ முகாமும் வைத்தியசாலை நன்கொடையும்: ஒரு நிறுவனம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: எமது நிறுவனம் அடுத்த ஆண்டு 25 ஆண்டுகளை நிறைவு செய்கிறது. அதையொட்டி ஒரே நாளில் சுமார் 300 பேருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தப் பரிசோதனை செய்யும் இலவச முகாம் ஒன்றை நடத்தவும், எஞ்சும் பணத்தில் அரச வைத்தியசாலைக்கு ஆய்வுகூட இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுக்கவும் முகாமைத்துவம் எண்ணியுள்ளது. யாரிடம் அனுமதி பெற வேண்டும்? எமது பெயர்ப்பலகையை வைக்கலாமா?
மனிதவள உத்தியோகத்தர், கல்முனை

பதில்: முகாமில் இரத்தச் சீனி கூடியதாகக் காணப்படும் ஒருவர் அடுத்த மாதம் எந்தக் கிளினிக்கில், யாருடைய கவனிப்பில் இருப்பார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். திகதி, மண்டபம், பதாகை ஆகியவற்றை அதன் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். சீனி வருத்தமும் பிரஷரும் ஆண்டுக்கணக்கில் எந்த நோவும் காட்டாமல் உடலில் இருக்கக்கூடியவை. ஆகவே முகாமில் அட்டையில் எழுதிக் கொடுக்கப்பட்ட இலக்கத்தை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு வழமைபோல் வேலைக்குப் போகிறவர்களே அதிகம். அரச கிளினிக்குகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்ற நம் நாட்டில், மக்களை அந்தக் கதவுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு நிறுவனத்தால் செய்யக்கூடிய பெரும் உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அனுமதியைப் பொறுத்தவரை, அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைகள் உள்ளன. பொத்துவில் வரையான கரையோரமும் சம்மாந்துறை, நாவிதன்வெளி போன்ற பிரதேசங்களும் கல்முனைப் பிராந்தியத்தைச் சேர்ந்தவை. முகாம் நடைபெறும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரியை முதலில் சந்தித்துப் பேசி, பின்னர் பணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்திலும் நடைமுறை இதுவேயாயினும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் உள்ளதால் அதற்கான நன்கொடை பற்றி அதன் பணிப்பாளரிடமே பேச வேண்டும்.

ஒரே நாளில் 300 பேர் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஆறு மணித்தியாலம் என்பது 360 நிமிடம். ஒரு வைத்தியர் இருந்தால் ஆளுக்கு ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல்தான் கிடைக்கும். இரத்த அழுத்தத்தைச் சரியாக அளப்பதற்கே, வந்தவரை முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கவைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டியைச் சுற்றினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். விரல் நுனிப் பரிசோதனையிலும் இதே கவனம் வேண்டும்: வரிசையில் நிற்கும்போது பழம் உரித்துத் தின்ற ஒருவர் கை கழுவாமல் விரலை நீட்டினால் மீற்றர் பொய்யான உயர்வைக் காட்டும்; நமது கரையோர ஈரக் காற்றில் மூடி திறந்தபடி மேசையில் கிடக்கும், சீனி பார்க்கும் ஸ்டிரிப் டப்பாவையும் நம்ப முடியாது. ஆகவே 300 பேரை வெவ்வேறு நாட்களில் மூன்று நான்கு அமர்வுகளாகப் பிரித்து, கை கழுவ நீரும் சவர்க்காரமும் வைத்து, பயிற்சி பெற்ற தாதிய உத்தியோகத்தர்களைக் கொண்டு நடத்துங்கள்.

வெறும் வயிற்றில் ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சீனி இருந்தால் நீரிழிவு என ஐயப்பட வேண்டும். ஆயினும் ஆய்வுகூடத்தில் மீண்டும் பார்த்தே அதை உறுதிசெய்ய வேண்டும். இரத்த அழுத்தத்தில் 140/90 ஐத் தொட்டவர்களுக்கு மறுபரிசோதனை தேவை. 180/120 ஐத் தாண்டியவரையும், கடும் தாகம், மெலிவு ஆகியவற்றோடு சீனி 200 ஐத் தாண்டியவரையும் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு வாகனம் வாசலில் நிற்கட்டும். மற்றவர்களுக்கு, 35 வயதைக் கடந்தோரைப் பரிசோதிக்கவென அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தின் திகதியை அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள். ஆறு வாரத்தின் பின் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து, போனாரா என்று கேட்க ஒருவரை நியமிக்கப் பணம் ஒதுக்குங்கள். ஆனால் அவர் சுகாதார வைத்திய அதிகாரியின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். பெயரும் நோயும் அடங்கிய பட்டியல் நிறுவனத்தின் கையில் இருக்கவே கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகவே கருதுகிறது. தங்கள் ஊழியர்களும் பரிசோதிக்கப்படுவார்களாயின் இது இன்னும் முக்கியம். தன் வருத்தம் முகாமையாளருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சுகிறவர் விரலை நீட்டமாட்டார்.

ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களுக்கு வருவோரில் பெரும்பான்மையினர் பெண்கள். கிளினிக் வார நாட்களில் காலையில் நடக்கும். வயல் வட்டையிலும் ஆலையிலும் லொறியிலும் கடலிலும் உழைக்கின்ற ஆண்கள் அன்றைய கூலியை இழந்து வரமாட்டார்கள். ஆகவே கிளினிக் நாளில் தங்கள் ஊழியருக்குச் சம்பளத்துடன் அரை நாள் விடுமுறை கொடுங்கள். நெல் ஆலைகளிலும் மீன்பிடி இறங்குதுறைகளிலும் மாலை நேர அமர்வுகளை நடத்துங்கள். பெரும்போக அறுவடைக் காலத்தையும் நோன்பு மாதத்தையும் தவிருங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கும் உதவ விரும்பினால், முகாமைவிடக் கிளினிக் நாளில் ஓடும் ஒரு வாகனம் கூடுதல் பயன் தரும். செலவு குறைந்த இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெற்றிலை, பாக்கு, புகையிலை மென்று வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம், ஒரு பல் வைத்தியர் கைவிளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு சில நிமிடங்களில் வாயைப் பார்த்து, ஐயத்துக்குரிய வெள்ளை, சிவப்புப் படலங்களைக் கண்டு மேலதிக பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம்.

இயந்திரத்தைத் தாங்களே தெரிவு செய்ய வேண்டாம். வைத்தியசாலைத் தலைமையிடமிருந்து எழுத்து மூலமான தேவைக் கோரிக்கையைப் பெற்று, அதை இயக்கப்போகும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: இதற்கான இரசாயனங்களை வேறு நிறுவனங்களிடமிருந்தும் வாங்க முடியுமா? அவற்றுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு செலவாகும்? பழுதானால் யார் வருவார்? ஒரே உற்பத்தியாளரின் இரசாயனத்தை மட்டுமே ஏற்கும் இயந்திரம், முதற் பெட்டி தீர்ந்ததும் உறை போட்டு மூடிவைக்கப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். கொழும்பிலிருந்து ஒரு தொழில்நுட்பவியலாளர் இங்கு வந்து திரும்புவதற்கே இரண்டு நாள் போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான புதிய கருவியாக, சில ஆண்டுகளுக்கான பராமரிப்பு ஒப்பந்தத்துடனும் மின்னழுத்தச் சீராக்கியுடனும் வாங்கிக் கொடுங்கள். வைத்தியசாலையின் இருப்புப் பதிவேட்டில் அது ஏற்றப்பட்டதை உறுதிசெய்யுங்கள். பணம் போதாதெனில் இயந்திரத்தை விட்டுவிட்டு, கிளினிக்கிற்குத் தரமான இரத்த அழுத்தமானிகளும், பெரிய அளவுப் பட்டிகளும், காத்திருப்போர் அமர நாற்காலிகளும் கொடுக்கலாம். விழாவில் படம் எடுக்க அவை அழகாக இராது. ஆனால் ஒவ்வொரு கிளினிக் நாளும் பயன்படும்.

பெயர்ப்பலகையை முகாம் மண்டபத்தில் வைக்கலாம். வைத்தியசாலைக்குள் வைப்பதாயின் பணிப்பாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். நோயாளரின் அட்டையில் மட்டும் நிறுவனத்தின் சின்னமோ விளம்பரமோ வேண்டாம். அந்த இடத்தில் அடுத்த கிளினிக் திகதியையும் பணிமனையின் தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.