பூங்காவில் ஓபரா: மொழி தெரியாமல் ரசிக்கலாமா?

கேள்வி: கோடையில் மகன் வீட்டுக்கு நியூயார்க் போகிறேன். அங்கே பூங்காவில் இலவசமாக ஓபரா பாடுவார்களாமே, மொழி புரியாமல் உட்கார்ந்திருக்க முடியுமா?

பதில்: தாராளமாக. கட்டாயம் போய்விட்டு வாருங்கள்! ஓபரா என்பது பாட்டாகவே நடக்கும் நாடகம். நீங்கள் சொல்பவை, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா நிறுவனம் நடத்தும் கோடைக் கச்சேரிகள். 1967 முதல் பல ஆண்டுகள் பூங்காக்களில் வாத்தியக்குழுவோடு முழு ஓபராவையே பாடினார்கள். இப்போது சில பாடகர்களும் ஒரு பியானோவும்தான், தனித்தனிப் பாட்டுகளாகப் பாடுவதால் முதல்முறை கேட்பவர்களுக்கு இதுவே வசதி என்பேன்.

மொழியை விடுங்கள், பாட்டு வரும் சூழ்நிலை தெரிந்தால் போதும். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ஒரு பிரபலமான பாட்டில், காதலித்தவனையே கட்டிக்கொள்வேன், இல்லாவிட்டால் ஆற்றில் குதிப்பேன் என்று மகள் அப்பாவிடம் கெஞ்சுகிறாள், இது தெரிந்துவிட்டால் அந்தக் குரல் மேலே ஏறி ஒரு இடத்தில் மெலிந்து நிற்கும்போது நமக்கே தொண்டை அடைக்கும். சுமார் 3,800 பேர் அமரும் மெட்ரோபாலிட்டன் அரங்கில் மைக் இல்லாமல் பாடிப் பழகியவர்கள் இந்தப் பாடகர்கள். திறந்தவெளியில் மைக் உண்டு என்றாலும் சீக்கிரமே போய் முன்னால் இடம் பிடியுங்கள், ஒரு நீண்ட வரிக்கு முன் விலா விரிய மூச்சை இழுப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

சென்ட்ரல் பார்க், புரூக்ளின் பிரிட்ஜ் பார்க் இரண்டிலும் பாடியிருக்கிறார்கள். புரூக்ளினில் நடந்தால் அதற்கே போங்கள், எதிரே ஆறு, அக்கரையில் மன்ஹாட்டன். விரிப்பும் தண்ணீரும் மறக்க வேண்டாம். அப்புறம், தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதைப் பார்த்துச் சொல்லும்படி மகனிடம் கேளுங்கள்.