கோப்பை கையில், ரேங்க் அதே இடத்தில்: ஸ்னூக்கர் பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஒரு வருடமாகத்தான் ஸ்னூக்கர் பார்க்கிறேன். ஆட்டம் பிடிபட்டுவிட்டது, ரேங்கிங்தான் பிடிபடவில்லை. 2025 ஜனவரியில் ஷான் மர்ஃபி மாஸ்டர்ஸ் ஜெயித்தார், ஆனால் அந்த வெற்றி அவரைப் பட்டியலில் ஒரு படிகூட ஏற்றவில்லை. லூக்கா ப்ரெசெல் அதே ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பில் காலிறுதி வரை வந்தார். போட்டி முடிந்ததும் முதல் 16 பேரில் அவரைக் காணோம்! ரேங்கிங் போட்டி என்றால் என்ன, அதில் எதைக் கவனிக்க வேண்டும்? காலையில் வேலைக்குப் போகிறவன், எல்லா ஆட்டத்தையும் பார்க்க முடியாது.
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஸ்னூக்கரில் ரேங்க் என்பது மதிப்பெண் அல்ல, பணம். 2014-15 சீசனிலிருந்து இதுதான் முறை. கடைசி இரண்டு வருடங்களில் ரேங்கிங் போட்டிகளில் ஒருவர் வாங்கிய பரிசுத்தொகையை பவுண்டில் கூட்டுகிறார்கள். யாருக்கு அதிகமோ அவர் நம்பர் 1. அழகாக ஆடினாரா, யாரைத் தோற்கடித்தார் என்பதற்கெல்லாம் தனி வரவு கிடையாது.

மர்ஃபி விஷயம் சுலபம். மாஸ்டர்ஸ் ரேங்கிங் போட்டி இல்லை, முதல் 16 பேரை மட்டும் அழைத்து லண்டனில் நடத்துவது. அரையிறுதியில் மார்க் ஆலனுக்கு எதிராக 147 (ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி) அடித்து, இறுதியில் கைரன் வில்சனை 10-7 என்ற ஃப்ரேம் (ஒரு ஆட்டத்துக்குள் வருகிற தனித்தனி ஆட்டம்) கணக்கில் வென்று, சாம்பியனுக்கான 3.5 லட்சம் பவுண்டை மர்ஃபி வாங்கிப் போனார். ரேங்கிங் கணக்கில் அதில் ஒரு பைசா ஏறவில்லை. இது நியாயம்தான் என்பேன். மேலே இருக்கிற 16 பேருக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு அந்தப் பணத்தையும் கணக்கில் சேர்த்தால், கீழே இருப்பவன் எந்தக் காலத்தில் மேலே வருவது? சாம்பியன் ஆஃப் சாம்பியன்ஸ், ஷாங்காய் மாஸ்டர்ஸ் இரண்டும் இதே வகை. அப்புறம், ரேங்கிங் போட்டியிலேயே கூட அதிகபட்ச பிரேக்குக்குத் தருகிற தனிப் பரிசு பட்டியலில் சேராது.

ப்ரெசெல் கதையில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2023-க்கு முன், உலக சாம்பியன்ஷிப் நடக்கிற ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் அவர் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அந்த வருடம் அரையிறுதியில் ஸி ஜியாஹுயியிடம் 5-14 என்று பின்தங்கி, அங்கிருந்து எழுந்து 17-15 என்று முடித்தார். இறுதியில் மார்க் செல்பியை 18-15 என்று வென்றார். பரிசு 5 லட்சம் பவுண்ட். அந்த ஒரே தொகை அவரைத் தூக்கி உச்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது.

ஆனால் அந்த 5 லட்சம் இரண்டு வருடத்துக்குத்தான். 2025 உலக சாம்பியன்ஷிப் முடிந்ததும் 2023-இன் தொகை கணக்கிலிருந்து கழியும். நடுவில் 2024-இல் நடப்பு சாம்பியனாக வந்தவர் முதல் சுற்றிலேயே டேவிட் கில்பர்ட்டிடம் 9-10 என்று தோற்றார். முதல் சுற்றில் தோற்றவருக்கு 20 ஆயிரம் பவுண்ட் உண்டு. தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்தவருக்கு அது ரேங்கிங்கில் சேரும். நேரடியாக உள்ளே வந்த முதல் 16 பேரில் ஒருவர் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பணம் கைக்கு வரும், கணக்கில் சேராது. ஆக 2024-இல் குரூசிபிளிலிருந்து ப்ரெசெலுக்கு வரவு பூஜ்யம். 2025-இல் காலிறுதிக்கு 50 ஆயிரம் வந்தது, 5 லட்சம் போனது. நன்றாக ஆடியும் நாலரை லட்சம் நஷ்டம். முதல் 16-இல் அவரை நீங்கள் காணாததற்கு இதுதான் காரணம்.

எனவே எந்தப் போட்டியாக இருந்தாலும், தொடங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: இரண்டு வருடத்துக்கு முன் இதே போட்டியில் யார் எவ்வளவு வாங்கினார்கள்? ராமு கணக்கில் 3 லட்சம், சோமு கணக்கில் 2.7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அன்று ராமு இந்தப் போட்டியின் சாம்பியன், 1 லட்சம் வாங்கினார். சோமு சீக்கிரமே வெளியேறி 5 ஆயிரத்தோடு போனார். பட்டியலில் ராமு முன்னால் இருப்பதாகத் தெரியும். உண்மையில் முதல் பந்தை அடிப்பதற்கு முன்பே ராமுவிடம் மிஞ்சுவது 2 லட்சம், சோமுவிடம் 2.65 லட்சம். சோமுவை விட 65 ஆயிரமாவது கூடுதலாகச் சம்பாதித்தால்தான் ராமுவால் பழைய இடத்தைக் காப்பாற்ற முடியும். கழிய வேண்டியதை முன்கூட்டியே கழித்துக் காட்டுகிற உத்தேசப் பட்டியல் ஆன்லைனில் கிடைக்கிறது. போட்டி நடக்கிற வாரத்தில் அதிகாரபூர்வப் பட்டியலை விட அதுதான் உதவும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஜாவ் சின்டாங். தடைக்காலம் முடிந்து, டூர் கார்டு (தொழில்முறைப் போட்டிகளில் ஆடுகிற உரிமை) இல்லாத அமெச்சூராக 2025 உலக சாம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றில் நுழைந்தார். அங்கே நான்கு ஆட்டம், குரூசிபிளில் ஐந்து ஆட்டம், எல்லாவற்றிலும் வெற்றி. இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வீழ்த்தி சீனாவின் முதல் உலக சாம்பியன் ஆனார். அடுத்த சீசனை 11-ஆம் இடத்தில் தொடங்கினார், ஒரே ஒரு போட்டியின் பணத்தை வைத்துக்கொண்டு!

எனக்கு இந்த முறையில் முழுத் திருப்தி கிடையாது. உலக சாம்பியன்ஷிப்பில் காலிறுதிக்கு 50 ஆயிரம், அரையிறுதிக்கு 1 லட்சம், இறுதியில் தோற்றவருக்கு 2 லட்சம், ஜெயித்தவருக்கு 5 லட்சம். வெல்ஷ் ஓபன், இங்கிலீஷ் ஓபன் மாதிரிப் போட்டிகளில் சாம்பியனுக்கே 1 லட்சம்தான். அப்படி ஐந்து கோப்பைகளை வென்றவரும், ஷெஃபீல்டில் பதினேழு நாள் மட்டும் பிரமாதமாக ஆடியவரும் ஒரே எடை. ரியாத்தில் 2024-இல் தொடங்கிய சவூதி அரேபியா மாஸ்டர்ஸும் சாம்பியனுக்கு 5 லட்சம் தந்தபிறகு இந்தச் சாய்வு இன்னும் கூடியிருக்கிறது.

சரி, எந்த ஆட்டத்தைப் பார்ப்பது? நம்பர் 1 யார் என்பதை விட 16-ஆம் இடத்துக்கான போட்டியில்தான் சுவாரஸ்யம் அதிகம். யார்க் நகரில் நடக்கிற யுகே சாம்பியன்ஷிப் முடிந்ததும் முதல் 16-இல் இருப்பவர்களுக்குத்தான் மாஸ்டர்ஸ் அழைப்பு. 15 முதல் 20 வரை நிற்பவர்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு யார்க்கில் அவர்கள் ஆட்டத்தைப் பாருங்கள். எளிய சிவப்புப் பந்து ஒன்றைத் தவறவிட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்காரும்போது முகம் ஏன் அப்படிப் போகிறது என்று உங்களுக்குப் புரியும். வசந்த காலத்தில் குரூசிபிளுக்கு முன்னால் இதே பரபரப்பு இன்னொரு தடவை வரும். 16-க்குள் இருந்தால் நேராக அரங்கத்துக்குப் போகலாம், 17 என்றால் தகுதிச் சுற்று.

இன்னொரு கோடு 64-இல் இருக்கிறது. டூர் கார்டு பெற்ற புதியவர் பூஜ்யத்தில் தொடங்குகிறார், இரண்டு வருடம் அவகாசம். அதற்குள் முதல் 64-க்குள் வரவில்லை என்றால் பெரும்பாலும் கார்டு போய்விடும், மறுபடி க்யூ ஸ்கூல் (கார்டு வாங்குவதற்கான தகுதிப் போட்டி) வரிசையில் நிற்க வேண்டியதுதான். 2023-இல் ஆசிய-ஓசியானியா க்யூ ஸ்கூல் வழியாக கார்டு வாங்கிய நம் இஷ்பிரீத் சிங் சாதாவும் இந்தக் கணக்கில்தான் ஆட வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் ரேங்கிங் போட்டி நடந்திருக்கிறது. 2013-இல் டெல்லியில் முதல் இந்தியன் ஓபன். ஆதித்யா மேத்தா இறுதி வரை வந்தார், ரேங்கிங் போட்டி ஒன்றின் இறுதியை எட்டிய முதல் இந்தியர் அவர்தான். டிங் ஜுன்ஹுய் அவரை 5-0 என்று வென்றார். கடைசியாக 2019-இல் கொச்சியில் நடந்தது, மேத்யூ செல்ட் வென்றார். அதன் பிறகு இல்லை.

கடைசியாக உங்கள் தூக்கம். குரூசிபிளில் வழக்கமாக மூன்று வேளை ஆட்டம். நம் நேரப்படி பிற்பகல் 2.30, இரவு 7, இரவு 11.30. வேலைக்குப் போகிறவருக்கு 7 மணி ஆட்டம்தான் சரி. முதல் சுற்று 19 ஃப்ரேம், முதல் வேளையில் 9, அடுத்த வேளையில் மீதி. 5-4 என்ற நிலையில் இருவரும் எழுந்து போனால் ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், அடுத்த வேளைக்கான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யார்க்கில் குளிர்காலம் என்பதால் நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், அங்கே இரவு 7 என்றால் இங்கே நள்ளிரவு 12.30. அந்த ஆட்டங்களை மறுநாள் ஹைலைட்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.