நெடுஞ்சாலைக் கேள்விகள்: கூபர் பீடியில் ஒரு ராத்திரி போதுமா?

சென்ற இதழில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்து விழுந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் வண்டிக்கு டயர் மாற்றவே போய்விட்டார்கள் போலிருக்கிறது. இந்த இதழ் முழுக்க அந்த ஊர்தான்.

மெல்பர்னிலிருந்து காரிலேயே உலுரு போகிறோம். வழியில் கூபர் பீடியில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து கிளம்பினால் போதும் என்கிறார் என் கணவர். போதுமா?
– வாசகி, கிளேட்டன்

போதாது. மாலை ஆறு மணிக்கு வந்து, பிட்சா தின்று, விடிகாலையில் கிளம்பிவிட்டு, "அங்கே என்ன இருக்கு, வெறும் மண்மேடு" என்று ஊரெல்லாம் சொல்கிறவர்கள் எல்லாம் உங்கள் கணவர் கட்சிதான். இரண்டு ராத்திரி ஒதுக்குங்கள்.

அடிலெய்டிலிருந்து வடக்கே 846 கிலோமீட்டர். ஆயிரத்தைந்நூறு சொச்சம் பேர் வாழும் ஊர். 1915இல் தங்கம் தேடி ஒட்டகங்களோடு அலைந்த ஒரு சிறு கூட்டத்தில் வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையன் இருந்தான். தண்ணீர் தேடிப் போனவன் ஓப்பல் என்ற ரத்தினக்கல்லோடு திரும்பினான். அந்தக் கல்லைத் தோண்டத்தான் இந்த ஊரே உண்டானது. கடைத்தெருவுக்கு இன்றும் அவன் குடும்பப் பெயர்தான்.

ஆஸ்திரேலியாவில் பயணிகளை நிறுத்துவதற்கென்றே சாலையோரத்தில் ராட்சத பொம்மைகள் கட்டுவது ஒரு வழக்கம். காஃப்ஸ் ஹார்பரில் 1964 முதல் ஒரு பெரிய வாழைப்பழம் கிடக்கிறது. கிங்ஸ்டனில் 17 மீட்டர் உயரத்துக்கு ஒரு சிங்க இறால் நிற்கிறது. எனக்கு அவற்றின் மேல் பகை ஒன்றும் இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். கூபர் பீடியில் சாலையோரம் நிற்பவை பெரும்பாலும் உழைத்துத் தேய்ந்த சாமான்கள், அல்லது யாரோ விட்டுவிட்டுப் போனவை. எதற்காக அது அங்கே வந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தீர்களானால் ஒரு பகல் போய்விடும்.

ஊர் எல்லையில் ஒரு பழைய லாரி, கம்பங்களின் மேல் ஏற்றி நிறுத்தியிருப்பதைப் படத்தில் பார்த்தேன். அது என்ன?
– வாசகர், பாராமட்டா

அதன் பெயர் புளோவர். பெயரைப் பார்த்து ஊதும் என்று நினைக்காதீர்கள், அது உறிஞ்சும் யந்திரம். சுரங்கத்துக்குள் வெட்டிப்போட்ட மண்ணையும் கல்லையும் ஒரு நீளக் குழாய் வழியாக மேலே இழுத்து, பின்பக்கத்தில் இருக்கும் பெரிய டிரம்மில் சேர்க்கும். டிரம் நிறைந்ததும் அடிமூடி திறந்து மொத்தமும் கொட்டும். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் தெரிகிற அந்தக் கூம்பு கூம்பான வெள்ளை மேடுகள் இப்படிக் கொட்டியவைதான். புளோவர் வருவதற்கு முன்னால் ஒருவன் கீழே வெட்ட, இன்னொருவன் மேலே நின்று வின்ச்சைக் கையால் சுற்றி வாளியை இழுக்க வேண்டும். மேலே குன்றின் உச்சியில் நிற்கிற 'பிக் வின்ச்' அந்த வாளி இழுக்கும் ராட்டினத்தைப் பெரிதாக்கியது. வேடிக்கைக்கென்றே கட்டியது என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

வின்ச்சுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு மரம் உண்டு, தவறவிடாதீர்கள். எரிந்துபோன லாரியின் இரும்பை வெட்டி ஒட்டி வைத்தது, ஊரின் முதல் மரம் அதுதான், பிள்ளைகள் ஏறி விளையாடச் செய்தது என்பது ஊர்க்கதை. கதையை நான் நம்புகிறேன். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தால் நீங்களும் நம்புவீர்கள்.

கடைத்தெருவில் ஓர் ஓப்பல் கடை முன்னால் அடிபட்ட விண்கலம் ஒன்று கிடக்கும். ஒரு ஹாலிவுட் படப்பிடிப்புக் குழு வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போனது. இந்த நிலம் வேற்றுக் கிரகம் மாதிரி இருப்பதால் சினிமாக்காரர்கள் அடிக்கடி வருவார்கள். திரும்பிப் போகும்போது சாமான்களை ஏற்றிப்போகத்தான் சோம்பல்.

தஞ்சாவூரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். அங்கே பூமிக்கு அடியில் ரூம் போட்டிருக்கிறோம் என்றதும், "உயிரோடு இருக்கும்போதே குழிக்குள் படுக்கமாட்டேன்" என்று பிடிவாதம். மூச்சு முட்டாதா?
– வாசகி, மாசன் லேக்ஸ், அடிலெய்டு

அத்தையிடம் முதலில் சொல்ல வேண்டியது: பெரும்பாலான வீடுகளில் கீழே இறங்கவே வேண்டாம். குன்றின் பக்கவாட்டில் குடைந்திருப்பார்கள். வாசல் தரைமட்டத்தில், எல்லா வீட்டு வாசலையும் போல. மாமல்லபுரத்துக் குடைவரை மண்டபத்துக்குள் உச்சிவெயிலில் நுழைந்திருப்பார் அல்லவா, அந்தக் குளிர்ச்சிதான் இதுவும். டக்அவுட் என்கிறார்கள். வெளியே ஜனவரியில் 45 டிகிரி கொளுத்தும்போதும் உள்ளே 23, 25ஐத் தாண்டாது. ஏ.சி. கிடையாது, வேண்டியதும் இல்லை. முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்துவிட்டு வந்த சிப்பாய்கள்தான் இப்படி வாழப் பழக்கினார்கள் என்பார்கள்.

மூச்சு முட்டாது. கூரையைத் துளைத்துக் காற்றுக்குழாய் வைத்திருப்பார்கள். குன்றின் மேல் நடந்தால் காலுக்கு அருகில் குழாய்கள் முளைத்து நிற்கும். கீழே யாரோ வெங்காயம் வதக்குவது மூக்கில் ஏறும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். படுக்கையறையில் ஜன்னல் இருக்காது. விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாத இருட்டு. ராத்திரி எழுந்திருப்பவர் என்றால் தலையணைக்குக் கீழே டார்ச் ஒன்று அவசியம். மூடின இடம் என்றால் படபடப்பு வருகிறவர் என்றால் வற்புறுத்தாதீர்கள். தரைக்கு மேலேயும் மோட்டல்கள் இருக்கின்றன. அவருக்கு அங்கே ரூம் போட்டுவிட்டு, பகலில் செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப்போங்கள். 1993இல் முடித்தது, முழுக்கப் பாறையைக் குடைந்தது. சுவரிலேயே செதுக்கிய புனிதர்கள், யந்திரப் பல் பதிந்த வளைகோடுகளோடு உயர்ந்த கூரை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் தங்கள் சாமியையும் நிலத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். கோயில் பார்த்துப் பழகியவர் அங்கே அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிடுவார் பாருங்கள்.

முதலை வேட்டைக்காரர் ஒருவர் வாழ்ந்த டக்அவுட் ஒன்றும் ஊருக்கு வெளியே உண்டு. 'குரோக்கடைல் ஹாரி' என்று பெயர். சுவர், கூரையெல்லாம் அவரைப் பார்க்க வந்த பெண்கள் விட்டுப்போன உள்ளாடைகளும் கிறுக்கல்களும். மாமியாரோடு போகும் இடமல்ல.

ஏழு வயதில் ஒரு வால். கூட்டிப்போகலாமா? சுரங்கக் குழிகள் திறந்தே கிடக்கும் என்கிறார்களே?
– வாசகர், டாண்டினாங்

திறந்தேதான் கிடக்கும். ஒரு மீட்டர் அகலம், உள்ளே விழுந்தால் பத்து மாடி ஆழம்கூட இருக்கலாம். வேலி கிடையாது. சாலையோரத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை உண்டு: ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே. குழியின் பக்கம் ஒரு மனிதன் தலைகுப்புற விழும் படமும் போட்டிருக்கும். பின்பக்கமாக யார் நடப்பார்கள் என்று தோன்றும். போட்டோ எடுக்கிறவர்கள் நடப்பார்கள். "இன்னும் கொஞ்சம் பின்னால போ, முழுசா விழட்டும்" என்று நாம்தானே சொல்வோம்.

ஆகவே மண்மேடுகள் பக்கம் உங்கள் இஷ்டத்துக்கு வண்டியை விட்டு இறங்கக் கூடாது. வழிகாட்டியோடு போங்கள், அல்லது உமூனா சுரங்கம், ஓல்ட் டைமர்ஸ் சுரங்கம் போன்ற காட்சிக்கான இடங்களுக்குப் போங்கள். பையனுக்குப் பிடிக்கப்போவது 'நூட்லிங்'. கொட்டிக் கிடக்கும் மண்மேட்டைக் கிளறி, சுரங்கக்காரன் கண்ணுக்குத் தப்பிய கல்லைப் பொறுக்குவது. அதற்கென்று ஊருக்குள்ளேயே ஜுவலர்ஸ் ஷாப் ரோடு அருகே ஒரு இடம் பொதுமக்களுக்காக விட்டிருக்கிறார்கள். கிடைத்தது அவனுக்கே. பெரும்பாலும் வண்ணம் காட்டாத சாம்பல் கல்தான் கிடைக்கும், அதற்குப் 'பாட்ச்' என்று பெயர். பையனிடம் சொல்லத் தேவையில்லை.

ஓப்பல் வாங்கலாம் என்று ஆசை. ஜாதகத்தில் சுக்கிரன் சரியில்லை, வைரத்துக்குப் பதிலாக ஓப்பல் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏமாறாமல் வாங்குவது எப்படி?
– வாசகி, வென்ட்வொர்த்வில்

சுக்கிரனைப் பற்றி எனக்குத் தெரியாது. கல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

கடையில் மூன்று வகை இருக்கும். முழுக்கல் ஒன்று. 'டப்லெட்' என்பது மெல்லிய ஓப்பல் சீவலைக் கறுப்பு அடித்தளத்தில் ஒட்டியது. 'டிரிப்லெட்' என்றால் அதற்கு மேலே கண்ணாடியோ குவார்ட்ஸோ ஒரு மூடி வேறு. ஒட்டியது போலி ஆகாது, என்ன வகை என்று சொல்லி அதற்குத் தக்க விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். ஆனால் நீங்கள் முழுக்கல் விலை கொடுத்துவிடக் கூடாது. கல்லைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். கத்தியால் வெட்டியது மாதிரி நேர்க்கோடு தெரிந்தால் ஒட்டு. மோதிரத்தில் அடிப்பக்கம் மூடிப் பதித்திருந்தால் கோடு தெரியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். பில்லில் எழுதி வாங்குங்கள்.

கூபர் பீடிக் கல் பெரும்பாலும் வெளிர் நிறம். பால்போன்ற வெண்மைக்குள் பச்சை, சிவப்புத் துணுக்குகள் ஓடும். கறுப்பு ஓப்பல் நியூ சவுத் வேல்ஸின் லைட்னிங் ரிட்ஜ் சமாச்சாரம். வண்ணம் வருவது சாயத்தால் அல்ல. மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் வரிசையாக அடுக்கியிருக்க, அவற்றின் ஊடே ஒளி சிதறுகிறது. கல்லை அசைத்தால் நிறம் மாற வேண்டும். எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம் என்றால் கீழே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: ஓப்பல் மென்மையான கல். பாத்திரம் தேய்க்கிற கையில் மோதிரமாகப் போட்டால் சீக்கிரமே கீறல் விழும். தோடு, பதக்கம் நல்லது. சுக்கிரனுக்கு மோதிரம்தான் வேண்டும் என்றால் அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் எல்லோரும் வீட்டிலேயே ஓப்பல் தோண்டுகிறார்களாமே, உண்மையா?
– வாசகர், பிரிஸ்பன்

ஊர் எல்லைக்குள் சுரங்கம் வெட்டத் தடை. வீட்டுக்கு ஓர் அறை கூட்டிக் கட்டத் தடை இல்லை. இதற்கு மேல் என்ன சொல்ல! சில குடும்பங்களுக்கு அறை போதவே போதாது.

இது யாருடைய நிலம்? வெள்ளைக்கார ஓப்பல் கதையோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள்.
– வாசகி, கான்பரா

அண்டாகிரிஞா மாட்டு-யன்குனிட்ஜட்ஜாரா மக்களுடையது. 2011இல் நீதிமன்றமும் அவர்களின் பூர்வ உரிமையை ஏற்றது. ஊருக்கு வடக்கே கன்கு-பிரேக்அவேஸ் என்று வெள்ளையும் காவியுமாகத் தனித்தனிக் குன்றுகள் நிற்கும் இடம் உண்டு. மாலை வெயிலில் போய்ப் பாருங்கள், போகுமுன் அனுமதிச் சீட்டு வாங்கிவிடுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஆட்டு மந்தைகளை டிங்கோ நாய்களிடமிருந்து காக்கப் போட்ட நாய்வேலி போகிறது. 5,600 கிலோமீட்டருக்கும் மேல் நீளம்.

நான் இந்த ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் விடாமல் சொல்லும் கதை இது. 1950களில் இந்தப் பாலைவனத்தில், எமு ஃபீல்டிலும் மாரலிங்காவிலும், பிரிட்டன் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. 1998இல் நாட்டின் அணுக்கழிவைக் கொண்டுவந்து இதே வட்டாரத்தில் புதைக்கிறோம் என்றது அரசு. அந்த வெடிப்புகளின் புகையை அனுபவித்த தலைமுறையைச் சேர்ந்த மூத்த பெண்கள் கூபர் பீடியில் கூடினார்கள். 'கூபா பிட்டி குங்கா ஜூட்டா' என்ற பெயரில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். அவர்களில் எய்லீன் கம்பகுட்டா பிரவுன், எய்லீன் வானி விங்ஃபீல்டு இருவருக்கும் 2003இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2004இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. பாட்டிகள் ஜெயித்தார்கள். விண்கலத்தின் முன்னால் நின்று படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு ஆத்திரம் வரும்.

கணவர் கோல்ஃப் மட்டையைக் காரில் ஏற்றிவிட்டார். அங்கே புல்லே கிடையாதே?
– வாசகி, கிளென் வேவர்லி

கிடையாதுதான். 18 குழி மைதானத்தில் ஒரு புல் இருக்காது. கையகலச் செயற்கைப் புல்லைக் கூடவே எடுத்துப்போய், அதன் மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து, ஒளிரும் பந்தை வைத்து ராத்திரியில் ஆடுவதும் உண்டு. மட்டை கீறலோடு திரும்பும். ஏற்றட்டும் விடுங்கள்.

சாலை எப்படி? சாப்பாடு?
– வாசகர், டார்வின்

ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை நல்ல தார்ச்சாலை, சாதாரண காரே போதும். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு கடைசி 250 கிலோமீட்டர், கிளென்டாம்போவிலிருந்து, நடுவில் ஒரு பங்க் கிடையாது. போன் சிக்னலும் நம்ப முடியாது. எங்கெங்கே பங்க் திறந்திருக்கிறது என்று போர்ட் அகஸ்டாவிலேயே விசாரித்து டேங்கை நிரப்புங்கள். கிளென்டாம்போவின் ஊர்ப்பலகையில் ஆடு இத்தனை, ஈ இத்தனை லட்சம், மனிதர் முப்பது என்று எழுதியிருக்கும். அதிலே ஈக் கணக்கு குறைவு என்பது என் அபிப்பிராயம். பொழுது சாய்ந்தபிறகு ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும். உங்களுக்கு வடக்கிலிருந்து வரும்போதும் இதே விதிதான். வூமெரா பக்கம் சாலையின் இருபுறமும் ராணுவச் சோதனை நிலம், இஷ்டத்துக்கு உள்ளே திருப்பக் கூடாது.

சைவம் என்றால் பிட்சாவும் உருளைக்கிழங்கு வறுவலும். சமையல் வசதியுள்ள ரூம் எடுத்து, அரிசி பருப்பைக் கையோடு கொண்டுபோங்கள். தண்ணீரை வீணாக்காதீர்கள். ஊருக்கு வெளியே நிலத்தடியிலிருந்து இறைத்து, உப்பு நீக்கி அனுப்புகிற தண்ணீர் அது.

எப்போது போவது? ராத்திரியில் பொழுது எப்படிப் போகும்?
– வாசகர், ஹாபார்ட்

மே முதல் ஆகஸ்ட் வரை. பகல் இதம், ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும், நீங்கள் ஹாபார்ட்காரர், சொல்லத் தேவையில்லை. தலைக்கு ஈ வலை அடிலெய்டிலேயே வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை இருப்பதாக இருந்தால் திறந்தவெளி டிரைவ்-இன் தியேட்டரில் படம் உண்டா என்று கேளுங்கள், எல்லா வாரமும் இருக்காது. படத்துக்கு முன்னால் திரையில் ஒரு அறிவிப்பு வரும்: தியேட்டருக்குள் வெடிமருந்து கொண்டுவரக் கூடாது. சுரங்கக்காரர்கள் வேலை முடிந்து டைனமைட்டோடு நேரே படத்துக்கு வந்துகொண்டிருந்த காலத்தது. உங்கள் முறுக்கு டப்பாவை யாரும் சோதிக்கமாட்டார்கள்.