கற்பூரம் கரைவதும் எரிவதும் ஒன்றா?

கேள்வி: டப்பாவில் வைத்த கற்பூரம் தானாகவே சிறுத்துக்கொண்டே போகிறது, ஏற்றினாலும் மிச்சமில்லாமல் மறைந்துவிடுகிறது. இரண்டும் ஒரே வகை மாற்றம்தானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. டப்பாவில் நடப்பது பதங்கமாதல், அதாவது திடப்பொருள் திரவமாகாமல் நேரடியாக ஆவியாவது. 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட கற்பூர மூலக்கூறு அப்போது சிதைவதில்லை. அருகிலுள்ள மூலக்கூறுகளை விட்டுப் பிரிந்து காற்றில் கலக்கிறது, அவ்வளவுதான். நம் மூக்கை எட்டும் வாசனையும் அந்த ஆவிதான். கண்ணாடிச் சீசாவில் கற்பூரத்தை வைத்து இறுக மூடினால், சில நாட்களில் சீசாவின் குளிர்ந்த பக்கத்தில் வெண்ணிறப் படிகங்கள் மினுக்குவதைக் காணலாம். அவை முகர்ந்தாலும் எரித்தாலும் பழைய கற்பூரமேதான். ஆகவே இது இயற்பியல் மாற்றம். (கரையாமலிருக்க மிளகு போட்டு வைப்பவர்கள் மூடியையும் இறுக்கினால் நல்லது.)

ஏற்றும்போது கதை வேறு. சுடரின் சூட்டில் வில்லையின் மேற்பரப்பு முதலில் உருகி ஆவியாகிறது. இதுவரை இயற்பியல் மாற்றமே. அந்த ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும்போதுதான் மூலக்கூறு உடைந்து, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகி, வெப்பமும் ஒளியும் வெளிப்படுகின்றன. கார்பன் மிகுந்த பொருள் என்பதால், ஆக்சிஜன் போதாத இடத்தில் எரியாத கார்பன் கரியாகத் தட்டில் படிகிறது. அந்தக் கரியையும் புகையையும் எவ்வளவு குளிரவைத்தாலும் கற்பூரம் திரும்பக் கிடைக்காது. புதிய பொருள்கள் உண்டாகிவிட்டதால் இது வேதியியல் மாற்றம். மீட்க முடியுமா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்: உடைந்த கண்ணாடி ஒட்டாது, ஆனாலும் அது கண்ணாடியே.