மாட்டுக்குப் போட்ட ஊசி பாறுக் கழுகை எப்படிக் கொல்கிறது?

அழுகிய இறைச்சியைத் தின்றே செரிக்கும் பறவையை, மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி என்ன செய்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். பாறின் வயிற்று அமிலம் கடுமையானது. பல நோய்க்கிருமிகள் அதில் பிழைப்பதில்லை. ஆனால் டைக்ளோஃபெனாக் கிருமியல்ல, மருந்து. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் என்ற கழிவு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே படிகிறது. இறந்த பறவையை அறுத்துப் பார்த்தால் ஈரலின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு இருக்கும்.

பாறுகள் கூட்டமாகக் கூடித் தின்பவை. ஒரே மாடு பல பறவைகளுக்கு எமனாகிவிடும். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இனம் அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்? 1992 முதல் 2007 வரை இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துவிட்டது. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனம்.

கால்நடைகளுக்கு இம்மருந்து 2006-இல் தடைசெய்யப்பட்டது. உடனே மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டிலுக்குப் போயின (நம் ஊர் சாமர்த்தியம்!). 2015-இல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். பாறுகளுக்கு இதேபோல் நஞ்சாகும் வலிநிவாரணிகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் தடை 2023-இல்தான் வந்தது. பாறுக்குத் தீங்கில்லாத மாற்று வலிநிவாரணியான மெலாக்சிகம் கடையிலேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மத்தி மரங்களில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன.