ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் ஏன்?

கேள்வி: 200 மி.மீ. ஆடியும் 1000 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். கார்த்திகைக் கூட்டத்தைப் பார்த்தால் நடுவில் உள்ளவை புள்ளிகளாகவும் ஓரத்தில் உள்ளவை வால் முளைத்தும் தெரிகின்றன. ஆடி மட்டம், திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் நண்பர். கொடுத்துவிடலாமா?
- கல்லூரி மாணவர், தேனி

பதில்: கொடுக்காதீர்கள், தம்பி. நடுவில் நட்சத்திரம் புள்ளியாக நிற்கிறதென்றால் அது நல்ல ஆடி.

பரவளைய ஆடி, தன் அச்சுக்கு இணையாக வரும் ஒளியை மட்டுமே ஒரு புள்ளியில் சேர்க்கும். சாய்ந்து வரும் ஒளியை ஆடியின் நடுப்பகுதி ஓரிடத்தில் குவிக்கும். விளிம்பை நெருங்க நெருங்க ஒவ்வொரு வளையமும் அதைச் சற்றுத் தள்ளி, சற்றுப் பெரிய வட்டமாக விழச் செய்யும். இந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால்தான் முனையில் பளிச்சென்று தொடங்கி, விரிந்து மங்கும் வால் உண்டாகிறது. இதற்குக் கோமா என்று பெயர். எவ்வளவு துல்லியமாகத் தேய்த்தாலும் பரவளையத்தில் இது இருந்தே தீரும்.

சாய்வு இரட்டித்தால் வாலும் இரட்டிக்கும். குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்து வரும் விகிதம் பாதியானால் வால் நான்கு மடங்காகும். உங்களுடைய விகிதம் 5. நான் கையால் தேய்த்த 150 மி.மீ. ஆடிக்கு 8, அதே சாய்வில் உங்கள் வாலில் ஐந்தில் இரண்டு பங்குதான் அதில் தெரியும். அதற்காக 1200 மி.மீ. குழாயைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறேன், மனமுவந்தே. அமெரிக்காவின் பாலோமர் மலையிலுள்ள 5 மீட்டர் ஹேல் தொலைநோக்கிக்கு விகிதம் 3.3தான். அச்சிலிருந்து ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) விலகினாலே அதன் ஆடியில் வால் ஒரு விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) நீளும். நிலாவின் அகலமோ சுமார் 30 கலை! அதனால்தான் அதன் முதன்மைக் குவியத்துக்கு, அதாவது பெரிய ஆடி நேரடியாக ஒளியைக் குவிக்கும் இடத்துக்கு, வானியலாளர் பிராங்க் ராஸ் திருத்த லென்ஸ்களை வடிவமைக்க வேண்டியிருந்தது.

வால்களின் திசையைக் கவனியுங்கள். கூர்முனைகள் எல்லாம் பார்வைப்புலத்தின் நடுவை நோக்கியிருந்தால் அது ஆடியின் இயல்பு. நடு நட்சத்திரத்துக்கும் வால் இருந்தால் ஆடிகள் கோணியிருக்கின்றன; முதன்மை ஆடியின் பின்னாலுள்ள திருகுகளைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஓர நட்சத்திரங்கள் இருபுறமும் சிறகு விரித்ததுபோல் தெரிந்தால், பெரும்பாலும் கண்ணருகு லென்ஸின் குறை.

சனியையும் வியாழனையும் நடுவில் வைத்துப் பார்க்க எதுவும் வாங்க வேண்டாம். கேமரா பொருத்திப் படமெடுக்கும் நாளில் கோமா திருத்தி லென்ஸ் தேவைப்படும். அதற்கும் கேமரா உணரிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பலவற்றுக்கு 55 மி.மீ.