அரியாங்குப்பம் வரும்போது ஏசி காற்று நின்றுபோகிறது: கேஸ் குறைவா, சென்சார் கோளாறா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்குக் காரில் போகிறேன். கிளம்பும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது. அரியாங்குப்பம் நெருங்கும்போது காற்று மெல்லக் குறைந்து, கடைசியில் வருவதே இல்லை. புளோயர் சத்தம் மட்டும் கேட்கிறது. அலுவலகத்தில் நிறுத்தினால் வண்டிக்கு அடியில் குளம் மாதிரித் தண்ணீர். மாலையில் கிளம்பினால் மறுபடியும் நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு முறை கேஸ் ஏற்றிவிட்டேன், பலனில்லை. மெக்கானிக் இப்போது கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்ன அந்தத் தண்ணீரே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் கூலிங் காயில் ஐஸ் கட்டுகிறது. காயிலின் தகடுகளுக்கு நடுவே ஐஸ் அடைத்துக்கொண்டால் புளோயர் எவ்வளவு ஊதினாலும் காற்று வெளியே வராது. வண்டியை நிறுத்தியதும் ஐஸ் உருகி, தண்ணீராக ஒழுகுகிறது. நம் கடற்கரைப் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இந்தக் கோளாறு இங்கே சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஐஸ்தானா என்பதை நாளைக்கே வழியில் பார்த்துவிடலாம். காற்று குறைந்ததும் ஏசி பட்டனை மட்டும் அணைத்து, புளோயரை ஓடவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காற்று பழையபடி வந்தால் ஐஸேதான்.

ஐஸ் ஏன் கட்டுகிறது? காயிலின் தகடுகளுக்குள் சிறிய சென்சார் ஒன்று செருகியிருக்கும். அது ஒரு தெர்மிஸ்டர். குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். காயில் 0 டிகிரியை நெருங்கும்போது ஏறிய தடையைப் பார்த்து, ஏசியின் கட்டுப்பாட்டுப் பெட்டி கம்ப்ரசரை நிறுத்தும். காயில் சற்றுச் சூடேறியதும் மறுபடி ஓடவிடும். சென்சார் பழுதாகி, குளிரிலும் தடை ஏறாமல் நின்றால், அல்லது தகட்டிலிருந்து நழுவித் தொங்கினால், காயில் இன்னும் சூடாகவே இருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஆக, உங்கள் கம்ப்ரசர் தேவைக்கு மேலேயே உழைக்கிறது. அதைப் போய் மாற்றச் சொல்கிறார்கள்!

சென்சாரைத் தொடுவதற்கு முன்னால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தாலும் காற்றோட்டம் குறைந்து இதே மாதிரி ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் ஐஸ் வருவதுண்டு. ஆனால் இரண்டு முறை ஏற்றிய பிறகும் அதையே சந்தேகிப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது ரிலே, அதாவது கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். சென்சாரின் கனெக்டரை (அது இருக்கும் இடம் அடுத்த பத்தியில்) பிடுங்கிவிட்டு ஏசி போடுங்கள். இணைப்பு அறுந்தால் பெரும்பாலான கார்கள் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு கம்ப்ரசரை ஓடவிடாது. அப்போதும் கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று பிடித்து ஓடினால் குற்றவாளி சென்சார் இல்லை, ஒட்டிக்கொண்ட ரிலே. அதை மாற்றுவது இன்னும் சுலபம்.

இப்போது சென்சாரைச் சோதிப்போம். நிறைய கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் காயில் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு ஒயருடன் தெரியும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் கழித்து வேலையைத் தொடங்குங்கள். அங்கே மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள், அது ஏர்பேக்குக்கு உரியது.

சென்சாரை வெளியே எடுத்து, மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, முதலில் நிழலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, சென்சாரின் முனையை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். முதுநகர் துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸ்கூடப் போதும், உப்பு மட்டும் கலந்திருக்கக் கூடாது. உப்பு சேர்ந்தால் 0 டிகிரிக்குக் கீழே போய் அளவு தப்பிவிடும். நம் ஊர் நிழலில் 32 டிகிரி என்றால், ஐஸில் தடை ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டும். நிழலில் 2 கிலோ ஓம் காட்டியது ஐஸில் 8 பக்கம் வந்தால் சரி. 3, 4-லேயே நின்றாலோ, ஏறும்போது எண் துள்ளினாலோ சென்சார் போய்விட்டது. சரியான எண் காருக்குக் கார் மாறும் என்பதால் நான் நம்புவது வேறொரு வழி: புதிய சென்சாரையும் பழையதையும் ஒரே டம்ளரில் போட்டு அளப்பது. பழகிய கடைக்காரர் என்றால் அனுமதிப்பார்.

மாற்றுவதில் கவனிக்க வேண்டியது ஒன்றே. பழையது எந்தத் தகட்டில், எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அங்கேயே புதியதும் போக வேண்டும். கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியில் நான் சோம்பல்பட்டு இரண்டு அங்குலம் தள்ளிச் செருகிவிட்டு, மறுவாரமே அதே புகாரைக் கேட்டிருக்கிறேன். சென்சார் காயிலுக்கு வெளிப்பக்கம் செருகுவது, கேஸ் ஓடும் குழாய்க்குள் போவதில்லை. எனவே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் கேஸை வெளியேற்ற வேண்டியதில்லை. காயிலையே இறக்கினால்தான் எட்டும் என்ற கார்களில் மட்டும் கேஸை மெஷினில் எடுத்துவிட்டுத்தான் வேலை, அதைக் கடையில் விட்டுவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன் பம்பருக்குப் பின்னால் வெளிவெப்பத்தை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. தேவனாம்பட்டினம் உப்புக்காற்றில் அதன் கனெக்டர் பச்சை பூத்துவிடும். தடை கூடி, வெளியே கடுங்குளிர் என்று நினைத்து ஏசி ஓடவே மறுக்கும். சித்திரை வெயிலில் டிஸ்பிளேயில் மைனஸ் 40 காட்டினால் முதலில் அங்கே குனிந்து பாருங்கள்.

புது சென்சார் கிடைக்கும்வரை தவளக்குப்பத்திலேயே ஏசி பட்டனை ஐந்து நிமிடம் அணைத்து, புளோயரை 3-இல் ஓடவிடுங்கள். புதுச்சேரி வரை காற்று வரும்.